ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது ரத்தப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இருபத்து நாலு வருடம் லேப் டெக்னீசியனாக இருந்தவன் நான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து படுத்தவர்களின் கையைத் தடவி நரம்பு தேடியே காலம் போயிற்று. போன ஐப்பசி மழையில் டெங்கு வந்து ஆறு நாள் நானே கட்டிலில் கிடந்தேன். முதல் நாள் விடியற்காலை, லைட்டைக்கூடப் போடாமல் ஒரு தம்பி வந்து என் கையை இழுத்துக் குத்தினார். “என்ன டெஸ்ட் தம்பி?” என்றேன். “டாக்டர் எழுதியிருக்காருண்ணே” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இதே பதிலை நான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! அவர்கள் கேட்டதற்கெல்லாம் இப்போதாவது பதில் சொல்லிவிடலாம் என்று எழுதியது இது.

நேற்றுத்தானே ரத்தம் எடுத்தார்கள், இன்றைக்கும் எதற்கு?

ஒருமுறை பார்த்தால் போதும் என்கிற சோதனைகளும் உண்டு, மணிக்கு மணி மாறுகிறவையும் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி.யைத் தினமும் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. ஆனால் வாந்திபேதியில் வந்தவரின் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் படுத்தவரின் கிரியேட்டினின், டெங்குக்காரரின் பிளேட்லெட் எல்லாம் நேற்று ஒன்று, இன்று ஒன்று. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ட்ரோபோனின் முதல் தடவை நார்மலாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். மாரடைப்பு வந்தவுடனேயே அது ரத்தத்தில் ஏறிவிடாது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் ஒருமுறை ‘தினமும்’ என்று எழுதிவிட்டால், யாராவது அடிக்கிறவரைக்கும் அது நடந்துகொண்டே இருக்கும். உடம்பு தேறி, வீட்டுக்குப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் காலையில் ஊசி வரும். ரவுண்ட்ஸ் வரும்போது, “நாளைக்கும் ரத்தம் எடுக்கணுமா டாக்டர்? எதைப் பார்க்க?” என்று கேளுங்கள். இதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொண்ட டாக்டர்கள் என் அனுபவத்தில் இரண்டு மூன்று பேர்தான். “சரி, நாளைக்கு வேண்டாம்” என்று அடித்துவிட்டுப் போனவர்கள் அதைவிட அதிகம்.

இத்தனை தடவை எடுத்தால் உடம்பில் ரத்தம் குறைந்துவிடாதா?

உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் என் கையை எட்டிப் பிடித்து, “ஏய்யா, இம்புட்டு ரத்தத்தையும் எடுத்து என்னய்யா பண்ணுவீக, விப்பீகளா?” என்று கேட்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்பத்தாவுக்குப் பதில் சொல்லாமல் வந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

கணக்கு இதுதான். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் சுமார் மூன்றேகால் லிட்டர் ரத்தம் ஓடும். ஒரு குழாய்க்கு 2 முதல் 4 மில்லி. ஒரு காலையில் இரண்டு மூன்று குழாய் எடுத்தால் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். பத்து நாள் எடுத்தாலும் 100 மில்லிதான். ரத்த தானத்தில் ஒரே தடவையில் 350 மில்லி எடுக்கிறார்கள். விற்கவும் முடியாது. குழாயில் இருப்பது மருந்து கலந்த, அல்லது உறைந்துபோன ரத்தம். அதை யாருக்கும் ஏற்ற முடியாது. சோதனை முடிந்து மிச்சம் இருப்பதை லேபிலேயே கிருமி நீக்கி, மருத்துவக் கழிவோடு அனுப்ப வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன.

அப்பத்தாவின் பயத்தில் ஒரு துளி உண்மையும் இருந்தது. ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் கிடப்பவர்களுக்குத் தினமும் பல தடவை எடுப்பதால் ரத்தசோகை கூடுவது உண்டு. பச்சிளம் குழந்தைக்கும் கணக்கு வேறு. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான். அதனால்தான் குதிகாலில் குத்திச் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார்கள்.

ஏன் விடிவதற்கு முன்னாலேயே எழுப்புகிறார்கள்?

ஒன்பது, பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும்போது ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். மெஷினில் போட்டு, சந்தேகமானதை மறுபடி ஓட்டி, எழுதி அனுப்ப இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். வெறும் வயிற்றுச் சோதனைக்கும் அந்த நேரம் தோது. நோயாளியின் தூக்கம் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. கட்டிலில் படுத்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது. லைட்டைப் போட்டு, பெயர் சொல்லி எழுப்பிவிட்டுக் குத்தினால் அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வெறும் வயிறு என்றால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?

சர்க்கரை, கொழுப்புச் சோதனைக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிப்பதே நல்லது. நாக்கு வறண்டு கிடந்தால் நரம்பு சிக்காது. காபி, டீ, இளநீர், பால் எதுவும் கூடாது. ‘சீனி போடாத காபிதானே’ என்பதும் செல்லாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ‘ஒன்றும் சாப்பிடக் கூடாது’ என்று சொல்வது வேறு விஷயம். அங்கே தண்ணீருக்கும் நேரக்கணக்கு உண்டு. அதை வார்டு சிஸ்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் மருந்தை என்ன செய்வது என்றும் அவரையே கேளுங்கள்.

சாப்பிட்டபின் எடுக்கும் சோதனைக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று இரண்டு இட்லியோடு நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள்.

‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று நாலைந்து இடத்தில் குத்துகிறார்களே?

நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தக்குழாய். வயதானவர்கள், குண்டானவர்கள், பல நாளாகத் தண்ணீர் இறங்காதவர்கள், குளிரில் நடுங்குகிறவர்கள் ஆகியோருக்கு அது சிக்குவது கஷ்டம். கையை ஐந்து நிமிடம் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சூடு பொறுக்கும் அளவுக்குச் சுற்றிவையுங்கள். போன தடவை எந்தக் கையில், எந்த இடத்தில் சுலபமாகக் கிடைத்தது என்று நீங்களே காட்டிக் கொடுங்கள். உங்கள் கையை உங்களைவிட யாருக்குத் தெரியும்?

கையை மூடி மூடித் திறக்கச் சொல்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. அது சரியில்லை. அப்படிச் செய்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். ஒருமுறை மூடிக்கொண்டால் போதும். ரப்பர் பட்டையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிவைக்கக் கூடாது.

ஒருவர் இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், “வேறு யாரையாவது கூப்பிடுங்கள் தம்பி” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மயக்க மருந்து டாக்டர்கள், குழந்தைகள் வார்டு சிஸ்டர்கள் இதில் கில்லாடிகள். நான் மூன்றாவது தடவையும் முயன்று பார்த்திருக்கிறேன். வீம்பைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கையில்தான் வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றுகிற சின்னக் குழாய்) மாட்டியிருக்கிறதே, அதிலிருந்தே எடுத்தால் என்ன?

புதிதாகப் போடுகிற அந்த நிமிடத்தில் எடுக்கலாம், எடுப்பார்கள். அப்புறம் அதில் மருந்தும் ட்ரிப்ஸும் போய்க்கொண்டே இருக்கும். ரத்தம் நீர்த்துப்போகும், சிவப்பணு உடையும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே ஒருவர் எடுத்துவிட்டு, சர்க்கரை 480 என்று ரிப்போர்ட் போனதை நான் பார்த்திருக்கிறேன். இன்சுலினை உறிஞ்சிய சிஸ்டர், சந்தேகப்பட்டு விரலில் குத்திப் பார்த்தார். 132. அந்த சிஸ்டர் அன்று பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ட்ரிப்ஸ் ஓடும் கையை யாராவது பிடித்தால், மற்ற கையை நீட்டுங்கள்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஊசியும் கூடாது, பிரஷர் பார்ப்பதும் கூடாது. மார்பக ஆபரேஷன் ஆனவர்கள் அந்தப் பக்கக் கையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கலர் கலராகக் குழாய்கள் எதற்கு?

கத்தரிப்பூ நிற மூடியில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். அணுக்களை எண்ண அது. சிவப்பு, மஞ்சள் மூடிகளில் ரத்தத்தை உறையவிட்டு, தெளிந்த நீரில் சிறுநீரகம், கல்லீரல், உப்புகளைப் பார்ப்போம். சாம்பல் நிறம் சர்க்கரைக்கு. வெளிர் நீலம் ரத்தம் உறையும் நேரத்துக்கு. இந்த நீலத்தில் மட்டும் ரத்தம் ஒன்பது பங்கு, மருந்து ஒரு பங்கு என்று கோடு வரைக்கும் சரியாக நிரம்ப வேண்டும். அரைக்குழாய் எடுத்துக்கொண்டு போனால் லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் ரத்தம் இன்னொருவர் பெயரில் மாறிவிட்டால்?

எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் நான் முதலில் வைத்திருக்க வேண்டும். மதுரை வார்டு ஒன்றில் நின்று ‘பாண்டி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், மூன்று பேராவது திரும்புவார்கள். முத்துப்பாண்டி, ராஜபாண்டி, வெறும் பாண்டி. பெண்கள் வார்டில் மீனாட்சி, மீனாட்சியம்மாள், மீனா. இனிஷியல் இருக்கிறதே என்றால், அதைத் தமிழில் ஒருவர் எழுதுவார், இங்கிலீஷில் இன்னொருவர் எழுதுவார்.

என் கட்டிலுக்கே இது வந்தது. மூன்றாம் நாள் என் பெயர் போட்ட ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 4.8 என்று இருந்தது. ஒருவாய்த் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கச் சொன்னார்கள். என் சம்சாரம் அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் என் பெயர்தான், வயதும் ஏறக்குறைய ஒன்று. அவர் சிறுநீரகக் கோளாறுக்காகப் படுத்திருந்தார். இரண்டு பேருக்கும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு 0.9. அந்த ஆஸ்பத்திரியைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? குழாயில் முதலிலேயே லேபிளை ஒட்டிக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிற பழக்கம் என்னிடமும் இருந்ததுதான்.

அதனால் இதை மட்டுமாவது செய்யுங்கள். உங்கள் பெயரை அவர்கள் சொல்லி நீங்கள் தலையாட்டக் கூடாது. நீங்கள் முழுப்பெயர், வயது, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) மூன்றையும் சொல்லுங்கள். ஐ.பி. நம்பர் மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும், அல்லது கேஸ் ஷீட்டில் இருக்கும். எடுத்து முடித்ததும் உங்கள் கண் முன்னாலேயே லேபிள் ஒட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்கிற கிராஸ்மேட்ச் சாம்பிள் என்றால் இதில் தாட்சண்யமே கூடாது. வேறு வகை ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

குழாயை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புகிற இடங்களும் உண்டு. அப்படியென்றால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகாமல், நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

டெங்குவில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. ரத்தம் ஏற்றச் சொல்லலாமா?

மழைக்காலத்து வார்டில் எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிக்கிற எண் இது. “உங்களுக்கு எம்புட்டு? எங்களுக்கு 62.” ஆயிரத்தில் சொல்கிற கணக்கு அது. சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். டெங்குவில் காய்ச்சல் வந்த நாலாம் நாளை ஒட்டி இறங்கி, ஏழாம் நாளுக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே ஏறும். ரத்தக்கசிவு இல்லாதபோது 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றிப் பொதுவாக யோசிப்பார்கள்.

டாக்டர் அதைவிட உன்னிப்பாகப் பார்ப்பது பி.சி.வி. என்ற எண்ணை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதை. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அது ஏறும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்படுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, அசந்து அசந்து போவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

காலையில் 90,000 இருந்தது மாலையில் 22,000 என்று வந்து, வீட்டார் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டிக்கொண்டு ஓடிய கதைகள் உண்டு. குழாயைச் சரியாகப் புரட்டாமல் விட்டால் உள்ளே சின்னதாக உறைந்துவிடும். சிலருடைய பிளேட்லெட்டுகள் அந்த ஈ.டி.டி.ஏ. மருந்து பட்டதுமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்கு ஒட்டிக்கிடப்பதை எண்ணத் தெரியாது. திடீர்ச் சரிவு என்றால், “கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 62 இருந்தது 58 ஆனதற்கெல்லாம் கலங்க வேண்டாம். அதே குழாயை இரண்டு தடவை ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் வரும்.

பப்பாளி இலைச் சாறு எனக்கும் வந்தது, என் மச்சான் தூக்குவாளியில் கொண்டுவந்தார். ஏழாம் நாள் தானாக ஏறுகிற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் பேர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கசப்பில் வாந்தி வந்தால், அது டெங்குவால் வந்ததா சாற்றால் வந்ததா என்று டாக்டர் குழம்புவார். எதைக் கொடுத்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

‘சாம்பிள் கெட்டுவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும்’ என்கிறார்களே?

பெரும்பாலும் சிவப்பணு உடைந்திருக்கும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ உடையும். அந்த ரத்தத்தில் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். மறுபடி குத்துவது எரிச்சல்தான், ஆனால் பொய் எண்ணை நம்பி மருந்து கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். அதற்கு இரண்டாவது தடவை பில் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரலில் குத்தினால் ஒரு சுகர், லேபில் ஒரு சுகர். எது சரி?

இரண்டும் சரியாகவே இருக்கலாம். விரல் மெஷினில் பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே வருவதை ஏற்றுக்கொள்கிறார்கள். குத்துவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் மாம்பழச் சர்க்கரையும் சேர்ந்து வரும். நுனியில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள், வலி குறையும்.

மணிக்கட்டில் குத்தி எடுத்தார்கள், உயிர் போய்விட்டது. அது என்ன?

தமனியிலிருந்து எடுப்பது. ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு, அமிலம் எவ்வளவு என்று பார்க்க. மூச்சுத்திணறலுக்கு அவசியமான சோதனை. மற்றதைவிட வலிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. எடுத்த இடத்தை ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

காய்ச்சலுக்கு இரண்டு பாட்டில் நிறைய எடுத்தார்கள். ரிப்போர்ட் மட்டும் வரவே இல்லை?

அது பிளட் கல்ச்சர். ரத்தத்தில் கிருமி இருந்தால் வளரவிட்டுப் பார்ப்பது. பயிர் மாதிரிதான், முளைக்க நாள் வேண்டும். கிருமி இருந்தால் ஓரிரு நாளில் தெரியலாம், இல்லை என்று சொல்ல ஐந்து நாள் வரை ஆகும். ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்னால் எடுப்பதுதான் சரி.

ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். சொன்னால் சிரிப்பார்களோ?

சிரித்தால் சிரிக்கட்டும், சொல்லிவிடுங்கள். படுத்துக்கொண்டு கொடுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். என்னிடம் விழுந்தவர்களில் பாதிப்பேர் மீசை முறுக்கிய ஆண்கள்.

எடுத்த இடம் கறுத்து வீங்கிவிட்டது?

பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிக்கொள்கிறோமே, அதுதான் காரணம். கையை நீட்டி வைத்து, மூன்று நாலு நிமிடம் தேய்க்காமல் அழுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கூடுதலாக. கறுப்பு ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். வீக்கம் பெருகினாலோ, விரல் மரத்தாலோ, சீழ் வைத்தாலோ காட்டுங்கள்.

என்னைக் கேட்காமலே எச்.ஐ.வி. பார்க்கலாமா?

கூடாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி விவரம் சொல்லி, உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். முடிவை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லவும் கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வருவதற்குள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

“இன்னும் எந்த ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது?” என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். யாரிடம், எந்த நம்பரில் கேட்பது என்பதையும் சேர்த்து. பில் கட்டுகிற அவசரம், ஆட்டோ காத்திருக்கிற அவசரம் இவற்றில் மறந்துபோவது இதுதான். நீங்கள் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான ஒழுங்குமுறை விதி இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே பையில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும் சரி, பழைய எண் கையில் இருந்தால்தான் புதிய எண் கூடியதா குறைந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியும்.

எனக்கு மூன்றாம் நாள் எடுத்த கல்ச்சர் அப்படித்தான் நிலுவையில் நின்றது. வீட்டுக்கு வந்த மறுநாள் நானே போன் செய்தேன். “நீங்க எந்தப் பாண்டிண்ணே?” என்றார் அந்தத் தம்பி. ஐ.பி. நம்பரைச் சொன்னேன். கிருமி எதுவும் வளரவில்லையாம்.